எழுந்துக்கப்படாது

"அம்மிணி, அவா போறவரைக்கும் நீ எழுந்துக்கப்படாது, கேட்டயா?" என்று சொல்லிவிட்டு, அம்மா என் புடவையை இழுத்து ஆட்டுக்கல்லைச் சுற்றிப் பரப்பினாள்.

இடது கால் மறைந்தது.

மந்து. தமிழில் மரியாதையாக யானைக்கால் என்பார்கள். மட்டாஞ்சேரியில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிறது. கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் ஒருத்தருக்கும் இருக்காது.

கூடத்தில் என் தம்பி வைத்தியைப் பார்க்க எர்ணாகுளத்திலிருந்து வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அம்மாவும். வீடு பிடித்தால்தான் பெண்ணைக் காட்டுவார்களாம்.

இதற்கு முன் வந்த வரன்களெல்லாம் என் காலைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டன. பரம்பரை வியாதி என்றார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். கொசுக்கடியால் வருவது என்று ஆஸ்பத்திரியில் கரடியாய்க் கத்துகிறார்கள், யார் கேட்கிறார்கள்?

அதனால் அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். இன்றைக்கு நான் மாவரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நிச்சயம் ஆனதும் பாலக்காட்டுக்குச் சித்தி வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துவிட வேண்டும்.

சரி என்று சொல்லியிருந்தேன். வைத்திக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது. என்னால் அவன் பிரம்மச்சாரியாகவே நரைக்க வேண்டாம்.

சொன்னேனே தவிர, எனக்குப் போக இஷ்டமே இல்லை. நான் பிறந்த வீடு இது. இதை விட்டால் எனக்கு வேறு இடம் தெரியாது.

உளுந்து எப்போதோ அரைந்துவிட்டது. எழுந்திருக்க முடியாதே! அரைத்த மாவையே மறுபடி அரைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பெண்ணின் அம்மா காமாக்ஷி மாமி நேராக அடுக்களைக்குள் வந்துவிட்டார். பின்னாலேயே காபி டம்ளரோடு அம்மா ஓடி வந்தாள்.

மாமி என் எதிரில் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். எழுந்தால் கால் தெரியும். உட்கார்ந்தே இருந்தால், நாத்தனார் திமிர் பிடித்தவள் என்று வரன் போகும். மாமியின் முதுகுக்குப் பின்னால் அம்மாவின் கண்கள் "வேண்டாம், வேண்டாம்" என்று கெஞ்சின.

எப்படியும் போகப்போகிறது, மரியாதையோடு போகட்டும் என்று தோன்றியது.

கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். மாவுக் கையோடு கும்பிட்டேன்.

மாமியின் பார்வை கீழே போனது. அங்கேயே நின்றது.

"காய்ச்சலுக்கு முன்னாடி தொடையிடுக்குல நெறி கட்டுமோ?" என்று கேட்டார் மாமி.

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஐயோ பாவம் என்பார்கள், இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

சொன்னேன். முதலில் நெறி கட்டும். அப்புறம் பல் கிட்டிப்போகிற குளிர். கால் சிவந்து தீயாய் எரியும். காய்ச்சல் விட்டுப் பார்த்தால், கால் முன்னைவிடக் கொஞ்சம் பெருத்திருக்கும்.

முதல் வருஷம் ஏதோ பாவம் என்று நினைத்துக்கொண்டு, பழைய வேஷ்டியைக் கிழித்துச் சுற்றி மறைத்து வைத்திருந்ததையும் சொன்னேன். மாத்திரை தின்றால் தலை சுற்றும், ஆனாலும் விடக்கூடாது என்றேன். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்க ஆரம்பித்த பிறகு காய்ச்சல் வருவது குறைந்துவிட்டது, இப்போது படகேறித் தனியாக எர்ணாகுளம் போய் வருகிறேன் என்றேன்.

மாமி விடவில்லை. ராத்திரி தூக்கம் வருமா, செருப்புப் போட முடியுமா என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரக்கம் வந்துவிட்டதா, சரி, இந்த வரனும் போயிற்று என்று நினைத்தேன்.

அம்மாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். பதறிப்போய்ச் சொன்னாள்: "இவ இங்கே இருக்க மாட்டா மாமி. கல்யாணம் நிச்சயமானா பாலக்காட்டுக்குப் போயிடுவா."

"ஐயோ, போயிடுவாளா?" என்றார் மாமி.

அவர் முகம் ஏன் விழுந்துபோனது என்று எனக்கு விளங்கவில்லை.

"எம்பொண்ணு ஸ்வர்ணலதாவுக்கும் இதே காய்ச்சல் மூணு தரம் வந்துடுத்து. கால் இன்னும் வீங்கலை," என்று மாமி தாழ்ந்த குரலில் சொன்னார். "ஒருத்தர்கிட்டயும் பேசாம அழுதுண்டே கிடந்தா. ஆஸ்பத்திரி பெஞ்சுல அம்மிணி யார்கிட்டயோ இதெல்லாம் சொல்லிச் சிரிச்சிண்டிருந்தாளாம். கேட்டுட்டு வந்து அன்னிக்குத்தான் வயிறு நெறயச் சாப்பிட்டா. அந்த அக்கா ஆத்துல கல்யாணத்துக்குப் பையன் இருக்கானான்னு விசாரிக்கச் சொன்னது அவதான்."



"சொல்லாம முடிக்க எனக்கு மனசு வரலை. உங்களுக்குச் சம்மதமில்லேன்னா நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்," என்றார் மாமி. "ஆனா இவ போயிட்டா, எம்பொண்ணு இங்கே யாரை நம்பி வருவா?"

அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். என் காலையே பார்த்தாள். சற்று முன் அவளே புடவையை இழுத்து மூடிய கால்.

பிறகு என் பக்கம் திரும்பி ஒரு அதட்டல் போட்டாள்.

"யாருடீ பாலக்காட்டுக்குப் போறது?"