எட்டாவது கேள்வி

தறிக்கு மேலே, கூரைக் கட்டையின் மூலையில் சிவந்த கால்களோடு அது தலைகீழாகத் தொங்கியது.

இருபது வீடுகளில் இந்தச் சிலந்தியைக் கணக்கெடுப்பது என் காலேஜ் புராஜெக்ட். பத்தொன்பது முடிந்தது. இருபதாவதுக்கு எங்கள் வீட்டையே எழுதிக்கொண்டேன். பஸ் ஏற வேண்டாம்.

அதன் சொந்த நாடு எது என்பதில் ஆய்வாளர்களுக்கே இன்னும் தகராறு. கப்பலில் சரக்கோடு சரக்காக வந்து, வெயில் அடிக்கும் நாடுகளிலெல்லாம் குடியேறிவிட்டது. யாரும் ஆதார் கேட்கவில்லை.

படிவத்தின் எட்டாவது கேள்வி: வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்களா?

பத்தொன்பது வீட்டிலும் 'ஆம்'. ஐயம்பேட்டையில் ஒரு அம்மா துடைப்பத்தால் அடித்தே காட்டினார்.

அப்பாவைக் கேட்கவே வேண்டாம். போன மாதக் கண் முகாமில் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை தப்பில்லாமல் படித்தவர். அவருக்கு முன்னால் படித்தது நான். காலேஜ் படிக்கிறவன், சத்தமாகப் படி என்று முதுகில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சிலந்தி இறக்கிவிட்ட இழை ஒன்று, தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவில் ஒட்டியிருந்தது.

அப்பா நெய்வதை நிறுத்தினார். பாவின்மேல் விரல்களை ஓட்டினார். விரல் அந்த இழையில் நின்றது.

சாம்பலைத் தொட்டு, அறுந்த பட்டிழையை இணைப்பதுபோல அதைப் பக்கத்து இழையோடு சேர்த்து உருட்டினார்.

கிண்டலுக்கு ஆகும் என்று செல்போனை எடுத்தேன்.

சிலந்தி இறங்கி வந்து அவர் மூக்குக்கு நான்கு விரல் முன்னால் ஆடியது. அவர் இமைகூட அசையவில்லை.

"இன்னா பட்டுபா இது? முறுக்கினா நிக்க மாட்டேங்குது."

செல்போனைக் கீழே வைத்தேன்.

பட்டு முந்தானைக் கணக்கை ஒருமுறை காதால் கேட்டாலே மறக்காத மனிதர். முகாமில் பலகையை அவர் பார்க்கவே இல்லை. நான் படித்ததைக் கேட்டு அப்படியே ஒப்பித்தார்.

கண் மங்கியவருக்கு முதலாளி அடுத்த பாவு தரமாட்டார்.

இந்தச் சிலந்தியைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். எதிர் மூலையை அண்ணாந்து பார்த்து, தினமும்தான் பார்க்கிறேன் என்றார்.

'இல்லை' என்று எழுதினேன்.

"இன்னா எழுதின? சத்தமா படி."

'ஆம்' என்று படித்தேன்.