கடைசிப் பந்தி

"என் கண்ணால பார்த்தேன்டீ! பஸ் ஸ்டாண்ட் ஹோட்டல்ல, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துக்கிட்டு, சோறும் மத்தி வறுவலும். நம்ம பிரின்சிபல் டீச்சர்!"

ஜின்சி நம்பவில்லை. ஆர்ச்சா போனை நீட்டினாள். ரமணி டீச்சரேதான். கன்னம் உப்பியிருந்தது.

"அவங்களுக்குப் பசிக்காதா?"

"பசிக்கட்டும். காலைல வகுப்புல என்ன சொன்னாங்க? 'தலைவர்னு தனியா ஒருத்தர் கிடையாது. எதிர்ல இருக்கறவன் பசி உன் பசிதான்.' சொல்லிட்டு, நமக்கு முதல் பந்தி போடறதுக்குள்ள போய் ஒரு வெட்டு வெட்டறாங்க!"

"அத்வைதம்டீ. மத்தியும் தானும் வேற இல்லைன்னு உள்ள சேர்த்துக்கிட்டாங்க."

ஆர்ச்சா சிரிக்கவில்லை.

பெரியாற்றங்கரையில் இருந்த அந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 'அத்வைதமும் தலைமையும்' கட்டாயப் பாடம். பாடத்துக்குச் சாட்சியாக ஒரு வழக்கமும் உண்டு. பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான், கடைசிப் பந்தியில் தலைமையில் இருப்பவர் உட்கார வேண்டும். வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டி வந்து இதைக் காட்டிப் பெருமைப்படுவார் மேனேஜர் கர்த்தா சார்.

ரமணி டீச்சரும் தினம் கடைசிப் பந்தியில் உட்காருவார். இரண்டு கவளம் சோறு, கொஞ்சம் மோர், எழுந்துவிடுவார். எவ்வளவு எளிமை என்று உருகாதவர்கள் இல்லை. ஆர்ச்சாவும் உருகியவள்தான்.

அந்த வாரம் முழுக்க அவள் வேவு பார்த்தாள். தினமும் அதே ஹோட்டல். திரும்பியதும் நேராகச் சமையற்கட்டு. கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கும்.

"ஹோட்டல்ல சாப்பிட்டது பத்தாம உள்ள வேற ஏதோ நடக்குது. நாளைக்கு எல்லார் முன்னாடியும் கேட்கப்போறேன்."

"வேணாம்டீ. டீச்சருக்கு வேலை நிரந்தரமாகப்போற மாசம். கர்த்தா சார் எப்படா சாக்கு கிடைக்கும்னு இருக்கார்."

"சொல்றது ஒண்ணு, செய்றது ஒண்ணுன்னு இருக்கறவங்க நமக்கு வாத்தியார் வேலை சொல்லித் தரலாமா? நீயே சொல்லு!"

 ஆர்ச்சாவோடு வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது. மாணவர் தலைவியாக அவளைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

மறுநாள் டீச்சர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்ததும், ஆர்ச்சா கர்த்தா சாரோடு போய் நின்றாள்.

"டீச்சர், நீங்க ஏற்கெனவே சாப்பிட்டாச்சுதானே?"

டீச்சர் நிமிர்ந்தார். "ஆமா மோளே."

"தினமும் அப்படித்தானா?"

"தினமும்தான்."

"மீன் வேறயா!" என்றார் கர்த்தா சார், போனை வாங்கிப் பார்த்தபடி.

"ஏன் டீச்சர்? பிள்ளைங்க சாப்பிடறவரைக்கும் பொறுக்க முடியலையா?" என்று தொடர்ந்தாள் ஆர்ச்சா.

சமையற்கட்டு வாசலில் நின்ற சமையல்காரி கௌசல்யா சேச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பார்வைதான். சேச்சி தலை குனிந்துகொண்டாள்.

'மிரட்டல் வேற!' என்று நினைத்துக்கொண்டாள் ஆர்ச்சா.

"பசி பொறுக்க மாட்டேன். அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

கூடம் முழுக்கச் சிரித்தது. அந்த வாரமே வேலை போய், டீச்சர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஷொர்ணூருக்கு ரயிலேறினார். போகும்போது ஆர்ச்சாவிடம், "கேள்வி கேட்கிறதை மட்டும் விட்டுடாதே" என்றார். அதையும் ஆர்ச்சா நடிப்புக் கணக்கில்தான் சேர்த்தாள்.

புது பிரின்சிபல் வரும்வரை கடைசிப் பந்தி மாணவர் தலைவிக்கு என்றார் கர்த்தா சார். முதல் நாளே வெளியூர் விருந்தாளிகள் நாலு பேர் அவரோடு வந்து தூணோரம் நின்றார்கள்.

ஆர்ச்சா நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஊருக்கே தெரியட்டும். சாம்பார், புளிசேரி, இன்னொரு தடவை சோறு. நிதானமாக.

கௌசல்யா சேச்சி பரிமாற வந்தாள். சோற்றுப் பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். ஆர்ச்சா அவளைத் தாண்டிச் சமையற்கட்டைப் பார்த்தாள். மற்ற மூன்று சமையல் பெண்களும் சுவரில் சாய்ந்தபடி இவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சேச்சி, உடம்பு சரியில்லையா? சாப்பிட்டீங்களா?"

"அதெப்படி மோளே? தலைமை கை கழுவினப்புறம்தானே நாங்க உட்காரணும்? அதுதானே இங்க சட்டம்."

"இவ்வளவு நேரமாவா? விடியறதுக்கு முன்னாடியே அடுப்பு பத்த வைக்கிறீங்களே?"

"பழகினதுதான். நடுவுல ரமணி டீச்சர் வந்து கெடுத்துட்டாங்க."

"டீச்சரா? என்ன பண்ணினாங்க?"

சேச்சி தூணோரம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முன்னாடியே வெளியில சாப்பிட்டுட்டு வந்துடுவாங்க. 'நான் கை கழுவியாச்சு, உட்காருங்கடீ'ன்னு கதவைச் சாத்திட்டு அவங்களே எங்களுக்குப் பரிமாறுவாங்க. பிள்ளைங்களுக்கு முன்னாடி நாங்க சாப்பிட்டோம்னு தெரிஞ்சா கர்த்தா சார் எங்களை வச்சிருப்பாரா? அதான் அன்னிக்கு என்னை வாயைத் திறக்கவிடலை."

ஆர்ச்சா இலையை மடித்துக்கொண்டு எழப்போனாள்.

"அட, உட்காரு உட்காரு!" தூணோரத்திலிருந்து கர்த்தா சார் உற்சாகமாகக் குரல் கொடுத்தார். "எல்லாரும் சாப்பிட்டாச்சு, உனக்கென்ன அவசரம்? கௌசல்யா, தலைவிக்கு இன்னும் கொஞ்சம் சோறு வை!"