ஹூஸ்டனிலிருந்து வரும் விமானம்

கூட்டத்தைப் பார்த்ததும் வெர்னல் நின்றுவிட்டார்.

நம் பையனுக்காகவா இத்தனை பேர்?

அந்தச் சின்ன விமான நிலையத்தின் கம்பி வேலி ஓரமாக ஊரே திரண்டு நின்றது. கல்லூரி அணியின் பச்சை நிறத் தொப்பி, பச்சைக் கம்பளிச் சட்டை, கல்லூரியின் பேண்டு வாத்தியக் குழு, பச்சைச் சட்டை மாட்டிவிட்ட ஒரு நாய்கூட. டிசம்பர் குளிரில் வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மூன்று மாதமாக ஒரு பூங்கொத்து அனுப்பாத ஊர்தான். ஆனாலும் இன்றைக்கு வந்துவிட்டதே என்று அவருக்கு மனம் இளகியது.

அந்த இளக்கம் வேலி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

தாடிக்குப் பச்சைச் சாயம் பூசிய ஒருவன் நகர்ந்து இடம் கொடுத்தான். தன் பெயர் ஹோய்ட் என்றான். வேகவைத்த வேர்க்கடலைப் பையை நீட்டினான்.

“எடுத்துக்குங்கண்ணே. புதுக் கோச்சு வர்றாரு. ஹூஸ்டன்ல ப்ளேன் கிளம்பிடுச்சு, இந்தா பாருங்க.”

அவன் கைப்பேசியில் வரைபடத்தின் மேல் குட்டி விமானம் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

யாரை வேலைக்கு எடுத்திருக்கிறோம் என்று கல்லூரி லேசில் வாயைத் திறக்காது. ரசிகர்களும் லேசில் விடமாட்டார்கள். எந்த ஊரிலிருந்து எந்தத் தனி விமானம் புறப்படுகிறது என்று மோப்பம் பிடித்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். புதிய ஃபுட்பால் கோச் ஹூஸ்டன்காரர் என்று காலையில் வதந்தி. ஹூஸ்டனிலிருந்து இந்தப் பக்கமாக ஒரு விமானம். வேறென்ன வேண்டும்?

வெர்னலின் சட்டைப்பையிலும் ஒரு கைப்பேசி இருந்தது. அதில் ஹூஸ்டன் மருத்துவமனை நர்ஸ் அனுப்பிய செய்தி இருந்தது. ஜாரலை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம், நீங்கள் ஆம்புலன்ஸோடு தயாராக இருங்கள்.

வரைபடத்தில் ஊர்ந்தது அவர் மகன் வரும் விமானம்தான்.

ஆம்புலன்ஸும் வேலி ஓரத்தில் தயாராகத்தான் நின்றது. அதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் மைதானத்தின் ஓரத்தில் அது நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்கள்.

பின்னால் ஒருத்தி அலுத்துக்கொண்டாள். “இவனெல்லாம் ஒரு கோச்சா? போன எடத்துலயும் டீமக் கவுத்துட்டுத்தான் வர்றான்.”

“பழைய ஆளுக்கு இவன் எவ்வளவோ தேவலை,” என்றது இன்னொரு குரல். பழைய கோச்சை ஊரைவிட்டு விரட்ட அவர் வீட்டுப் புல்வெளியில் ‘இந்த வீடு விற்பனைக்கு’ என்று பலகை நட்டுவிட்டு வந்த கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த மனிதர் ஒருவர்தான் ஞாயிறு தவறாமல் ஜாரலுக்குப் போன் செய்தவர்.

ஹோய்ட் சிரிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே வருத்தம்.

“எல்லாம் அந்த நாப்பத்திநாலாம் நம்பர் ஆட்டக்காரனால வந்த வினைண்ணே. செப்டம்பர்ல மோதிக் கழுத்து ஒடிஞ்சு விழுந்தான் பாருங்க, அதோட டீமும் படுத்துடுச்சு.”

“அந்தப் பையன் பேரு?” என்று கேட்டார் வெர்னல்.

“பேரு… இருங்க, நாக்கு நுனியில நிக்குது.” ஹோய்ட் கடலையை மென்றான். “விடுங்க. அந்த நம்பர வேற பையனுக்குக் குடுக்கப் போறாங்களாம்.”

வெர்னல் நினைத்திருந்தால் அந்தப் பச்சைத் தாடியைப் பிடித்து உலுக்கி, அது என் பிள்ளை வரும் விமானமடா, எல்லாரும் வீட்டுக்குப் போங்கடா என்று கத்தியிருக்கலாம்.

கத்தவில்லை.

பேண்டுக்காரர்கள் வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அணி மைதானத்துக்குள் ஓடிவரும்போது வாசிக்கிற அந்த மெட்டு ஜாரலுக்கு உயிர். ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

விமானம் இறங்கியதும் வாத்தியங்கள் முழங்கின. கூட்டம் ஆர்ப்பரித்தது. வெர்னல் ஆம்புலன்ஸோடு உள்ளே போனார்.

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சர் இறங்கியது.

ஆர்ப்பாட்டம் அடங்கியது. டிரம்பெட் ஒன்று மட்டும் விஷயம் தெரியாமல் கொஞ்ச நேரம் ஒலித்துவிட்டு நின்றது.

“ச்சே, ஆள் மாறிப்போச்சுப்பா!” என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. ஒரு பெண் மட்டும் கை தட்ட ஆரம்பித்தாள். கூடச் சேர ஆளில்லாததால் அவளும் விட்டுவிட்டாள்.

கழுத்தைச் சுற்றிப் பட்டை போட்டிருந்ததால் ஜாரலுக்கு ஆகாயம் மட்டும்தான் தெரிந்தது. அவன் முகம் மலர்ந்திருந்தது.

“அப்பா, எனக்காகவா?”

“பின்ன?”

“ஏன் நிறுத்திட்டாங்க?”

“உன்னப் பாத்துட்டாங்கல்ல. வாசிக்க முடியலடா அவங்களுக்கு.”

ஜாரலின் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. வெர்னல் கட்டைவிரலால் துடைத்துவிட்டார். பொய் சொன்னதற்காக அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. ஊர் மேல்தான் ஆத்திரம் பொங்கியது.

ஸ்ட்ரெச்சரை ஆம்புலன்ஸுக்குள் ஏற்றும்போது மேற்கே இன்னொரு விமானம் தாழ்ந்து வந்தது. வேலி ஓரமாகக் கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது. மறுபடியும் அதே மெட்டு, முன்னைவிடப் பலமாக.

“பாருங்கப்பா, திரும்ப ஆரம்பிச்சிட்டாங்க!” ஜாரல் குழந்தை மாதிரி சிரித்தான். “என்னால கையசைக்க முடியாது. எனக்குப் பதிலா நீங்க அசைச்சிடுங்கப்பா.”

வெர்னல் திரும்பி நின்று, அத்தனை முதுகுகளையும் பார்த்துக் கையை உயரத் தூக்கி அசைத்தார்.