மூதேவி என்றொரு மென்பொருள்

"பேரை மட்டும் மாத்திக் கொடுத்துடுங்கம்மா. வேற ஒண்ணும் வேண்டாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மருத்துவமனையின் கணினிப் பிரிவு அதிகாரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே அந்த அம்மாள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெரும்பாலும் படுக்கை விரிப்புகள். பாதி சாத்தியிருந்த உள்ளறைக் கதவு வழியாக மருந்து வாடை வந்தது.

அந்த அறையில்தான் அவள் கணவர், பேராசிரியர், படுத்திருந்தார். போன வருடம் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். அதிகாரி உச்சுக்கொட்டினார். எவ்வளவு பெரிய மனிதர்! அவரிடம் நேரிலேயே பேசிக் காரியத்தை முடித்துவிடலாம் என்று நம்பி வந்திருந்தார்.

பேராசிரியரின் பெயரில் இருந்த அந்த மென்பொருள், பச்சைக் குழந்தைகளுக்கு எடை பார்த்து மருந்தின் அளவைக் கணக்கிட்டுச் சொல்லும். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். எத்தனையோ மருத்துவமனைகள் அதை நம்பித்தான் ஊசி போடுகின்றன. ஒரு குறை சொல்ல முடியாது, பெயரைத் தவிர. உலகத்தில் வேறு பெயரே கிடைக்காத மாதிரி அதற்கு 'மூதேவி' என்று வைத்துத் தொலைத்திருந்தது.

"கடவுச்சொல் எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்புறம் என்னம்மா யோசனை? போன வாரம் எங்க ஆஸ்பத்திரியில என்ன ஆச்சு தெரியுமா? ஒரு பொண்ணு. ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்த குழந்தை, குறைமாசம். கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கோம். மருந்துச் சீட்டுல குழந்தை பேருக்கான இடம் காலி, இன்னும் பேர் வைக்கலை. அதுக்குக் கீழேயே கொட்டை எழுத்துல 'மூதேவி'ன்னு அச்சாகியிருக்கு. தன் குழந்தையைத்தான் அப்படிச் சொல்றாங்கன்னு நினைச்சுட்டா. வார்டே அதிர்ற மாதிரி கதறிட்டாம்மா."

அம்மாளின் கை அப்படியே நின்றது. "குழந்தை?"

"தேறிடுச்சு. ஆனா நிர்வாகம் கொதிச்சுப் போயிருக்கு. பேர் மாறணும், இல்லைன்னா அதைத் தூக்கிப் போடுங்கன்னுட்டாங்க. தூக்கிட்டா பழையபடி நர்ஸுங்க கையாலதான் கணக்குப் போடணும். தூக்கக் கலக்கத்துல ஒரு புள்ளி தள்ளிப் போச்சுன்னா அவ்வளவுதான். அப்படி ஒரு குழந்தையை ஏற்கெனவே பறிகொடுத்துட்டு நிக்கிறோம்."

"இலவசம்தானே தம்பி. ஒரு நகல் எடுத்து நீங்களே நல்ல பேரா வெச்சுக்குங்க. யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

"வெச்சுக்கலாம்தான். அப்புறம் அது தனிக்குடித்தனம் போன கதையாயிடும். இங்கே செய்யற திருத்தம் எதுவும் எங்களுக்குத் தானா வந்து சேராது. எங்க ஆளுங்களுக்கு அதைக் கட்டி மேய்க்கத் தெரியாதும்மா. போன மாசம்கூட ஒரு சிக்கல்னு எழுதினோம். சாரோட மாணவங்க யாரோ, நல்லா இருக்கணும், சார் பேர்லயே மறுநாளே சரி பண்ணி அனுப்பிட்டாங்க."

அம்மாள் அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

"நானும் அவர்கிட்ட படிச்சவதான்," என்றாள். "கல்யாணத்துக்கப்புறம் வெளிவேலைக்குப் போக வேண்டாம்னுட்டார்."

"அப்படியா! அப்போ உங்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை," என்று அதிகாரி பேச்சைத் தன் பக்கமே இழுத்தார். "சார் ஏம்மா இப்படி ஒரு பேரை வெச்சார்?"

"வெச்சது அவர்தான். ஏன்னு கேட்டா என்ன சொல்ல? மாத்த எனக்குத்தான் மனசு வரலை."

கட்டிய கணவர் வைத்த பெயராயிற்றே என்று அதிகாரி உருகிப்போனார். ஆனாலும் வந்த காரியம் பெரிது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க மனசு புரியுதும்மா. ஆனா சாரோட பேர்தான் முகப்புலயே பெரிசா இருக்கே, 'ஆக்கம்: பேராசிரியர்'னு. அது எங்கேயும் போயிடாது."

"ஆமா. அது போகாது."

"அப்புறம் என்னம்மா? இது ஒண்ணு போனா யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். இனி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அதிகாரி கையைப் பிசைந்தார். திரும்பிப் போய் மேலதிகாரிகளிடம் என்ன சொல்வது?

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு குரல் கரகரத்தது.

"மூ... மூதேவி! ஏய், மூதேவி!"

அதிகாரி துள்ளி எழுந்தார். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"கேட்டீங்களாம்மா! பேச்செல்லாம் போயும் தான் படைச்சதோட பேர் மட்டும் மறக்கலை பாருங்க! எப்பேர்ப்பட்ட மனுஷன்!"

அம்மாள் விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"என்னைக் கூப்பிடறார் தம்பி. கல்யாணமான நாள்லேர்ந்து இந்த வீட்டுல எனக்கு அதுதான் பேர். அந்த மென்பொருளை எழுதினது நான், இன்னி வரைக்கும் திருத்தறதும் நான். வெளியிடறப்போ அவர் பேரைப் போடச் சொன்னார், போட்டேன். என் பேரும் எங்கேயாவது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான் அப்படி வெச்சேன்."

உள்ளறை வாசலில் ஒரு கணம் நின்றாள்.

"உட்காருங்க. இவருக்குத் துணி மாத்திட்டு வந்து அந்தப் பேரை எடுத்துடறேன்."