கோமளாவின் மிஸ்டு கால்

திரை முழுக்கப் பச்சை. நடுவில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

லாவண்யா நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த அலுவலகத்தில் இன்று அவளுக்குப் பரீட்சை நாள். முன்பெல்லாம் செல்போன் டவரில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் ஆள் போக வேண்டும். இப்போது மென்பொருள்தான் எஜமான். எந்தப் போனுக்கு எவ்வளவு வேகம் என்று அதுவே பங்கு போட்டுவிடும். பங்கு போடும் விதியை எழுதியவள் லாவண்யா. அது மண்ணூர்பேட்டை டவரில் ஓடிக்கொண்டிருந்தது.

கிரிக்கெட் இறுதி ஆட்டம். ஊரே போனில் பார்க்கிறது. யாருக்கும் படம் நின்று போகக் கூடாது.

அவள் விதி ரொம்ப எளிது. கூட்டம் கூடினால் வீடியோ காலில் படத்தைக் குறை, குரலை மட்டும் விட்டுவை, மிச்சமாகும் வேகத்தை மேட்சுக்குக் கொடு.

"மூஞ்சி மங்கினா என்ன சார், பேச்சு கேட்டா போதாதா?" என்று அவள் கேட்டபோது, மேனேஜர் பார்த்தசாரதி மேஜையைத் தட்டிப் பாராட்டினார். கூடவே ஒரு குண்டையும் போட்டார்.

"மேட்ச் முடியற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது லாவண்யா. ஒரே ஒரு நம்பருக்குச் சலுகை குடுத்தாலும் டெஸ்ட் செல்லாது. அப்புறம் உங்க டீமை நான் காப்பாத்த முடியாது."

சும்மா மிரட்டவில்லை. போன மாதம்தான் பக்கத்து டீமை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இப்போது இந்தச் சிவப்புப் புள்ளி. யாரோ ஒரு நம்பருக்குச் சலுகை கொடுத்திருக்கிறார்கள்!

தட்டிப் பார்த்தாள். கொடுத்தவன் ராகவன். அவள் டீமில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறவன். மண்ணூர்பேட்டைக்காரன். டீ வாங்கக் கீழே போயிருந்தான்.

யாரைக் கேட்க வேண்டும்? சலுகையை எடுத்துவிட்டாள். புள்ளி பச்சையானது. போன உயிர் திரும்பி வந்தது.

மேஜையில் சார்ஜில் கிடந்த ராகவனின் போன் ஒரு முறை அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. திரையில் 'கோமளா'.

ஓஹோ, கதை அப்படிப் போகிறதா?

மூன்றாம் முறை அடித்ததும் சட்டென்று எடுத்தாள்.

"ஹலோ, யாரும்மா?"

பதில் இல்லை. தூரத்தில் மெஷின் சத்தம். பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம்.

"ராகவன் இல்ல. என்ன விஷயம்? ஹலோ... சொல்லேன்! வாயில என்ன கொழுக்கட்டையா?"

இணைப்பு துண்டானது. இரண்டு டீயோடு ராகவன் வந்து நின்றான்.

"உன் கோமளா விடாம அடிக்கறா. எடுத்தா பேச மாட்டேங்கறா."

அவன் முகம் வெளுத்தது. பார்வை திரைக்கு ஓடியது.

"மேடம், சலுகைய எடுத்துட்டீங்களா?"

"பின்ன? நீ கடலை போடறதுக்கு இங்க எல்லாருக்கும் வேலை போகணுமா?"

"ஐயோ, நான் அந்தப் பொண்ணப் பார்த்ததுகூட இல்ல மேடம். படம் நிக்குதுன்னு கம்ப்ளைன்ட் போட்டுகினே இருந்தாங்க. குரல் நல்லாத்தானே கீதுன்னு நாம மூடிக்கினே இருந்தோம். மனசு கேக்காம நான்தான் மெசேஜ் போட்டு விசாரிச்சேன். படம் நின்னா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடும்மான்னு சொன்னதும் நான்தான்."

"குரல்தான் கேட்குதே, பேச வேண்டியதுதானே!"

"அவங்களுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது மேடம்."

லாவண்யா அவன் நீட்டிய டீயை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"இங்க ஒரு கம்பெனில செகண்ட் ஷிப்ட். அண்ணனூர்ல அவங்க ஊட்ல சின்னப் பொண்ணு, பக்கத்து ஊட்டம்மா பார்த்துக்கறாங்க. அதுக்கும் அப்படித்தான். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத வயசு. சாப்பாட்டு பிரேக்ல அம்மாவும் பொண்ணும் கையாலதான் பேசிக்குவாங்க. படத்துல அம்மா கை நின்னு போச்சுன்னா, கொயந்த பயந்துடுது மேடம்."

போன் மறுபடி ஒரு முறை அடித்து நின்றது.

வாயில என்ன கொழுக்கட்டையா. தான் கேட்ட கேள்வியை நினைக்க அவளுக்கே கூசியது.

மேஜை டெலிபோன் அலறியது. கீழே விருந்தாளிகளோடு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த பார்த்தசாரதி.

"பிரமாதம் லாவண்யா! கடைசி ஓவர். எல்லாம் பச்சைதானே?"

அவள் திரையைப் பார்த்தாள். கோமளாவின் இணைப்பில் படம் அநேகமாகச் செத்துவிட்டது. குரல் மட்டும் நூற்றுக்கு நூறு.

சலுகையைத் திருப்பிக் கொடுத்தாள், இந்த முறை தன் பெயரிலேயே.

"இல்ல சார், ஒண்ணு சிவப்பு. நான்தான் கை வெச்சேன். என் விதி தப்பு சார்."

எதிர்முனையில் பார்த்தசாரதி கத்த ஆரம்பித்தார். லாவண்யாவின் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் ராகவனின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அதற்கப்புறம் அடிக்கவேயில்லை.