வளைவில் ஒரு கண்ணாடி

கான்சாபுரம் வளைவில், எதிரே வரும் வண்டியைக் காட்டுவதற்காகச் சேவைச் சங்கம் நட்டுவைத்த வட்டக் கண்ணாடியில் பொட்டுத் தூசிகூட இல்லை. டிராக்டரும் லாரியும் ஓயாமல் புழுதி கிளப்பும் சாலை அது. சங்கச் செயலாளர் சப்ரீனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீ தொடச்சியா, ஆல்வின்?" என்று சங்க உறுப்பினன் ஒருவனிடம் போனில் கேட்டாள்.

"இல்லக்கா. நம்ம ஆளுக யாருமே அந்தப் பக்கம் போகலியே."

மூன்று மாதமாக இதே கதைதான். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் விடிந்ததும் அவளே போய்ப் பார்த்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, முன்பின் தெரியாத ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானா அண்ணாச்சி! ஞாயித்துக்கிழமை சங்க விழாவுக்கு வாங்க. உங்களுக்குப் பொன்னாடை போத்தணும்."

அவர் பதறிப்போனார். "ஐயோ, எனக்கா? வேண்டாம் தாயி."

ஏன் இப்படி மிரளுகிறார் என்று அவள் குழம்பினாள். போன வருஷம் இதே வளைவில் லாரி மோதி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இறந்த பிறகுதான் சங்கம் இந்தக் கண்ணாடியை வைத்தது. சட்டென்று ஏதோ பிடிபட்டதுபோல் அவள் குரல் தாழ்ந்தது.

"அந்தப் பிள்ளையோட அப்பாவா நீங்க?"

அவர் துணியைப் பிழிந்தபடியே நின்றார்.

"இல்ல தாயி. அந்த லாரிய ஓட்டுனவன். அன்னைக்கு இந்தக் கண்ணாடி இருந்திருந்தா பிள்ள வாரத பாத்திருப்பேன்."

அவர் திரும்பி, மிச்சத்தைத் துடைக்க ஆரம்பித்தார். சப்ரீன் தன் ஸ்கூட்டரிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து அவருடைய துணியை நனைத்துக் கொடுத்தாள்.