இரண்டணா கூட

கள்ளுக்கடையிலும் சடையன் இல்லை. மேஸ்திரி அருணகிரி வெளியே வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். வாரக் கூலி வாங்கிய மறுநாளே மட்டம் போடுகிறவனை வேறெங்கே போய்த் தேடுவது?

மேட்டூர் அணைக்குக் கல் சுமக்கிற ஆட்கள் எல்லாருமே இப்படித்தான், கையில் காசு விழுந்தால் ஆளைக் காணோம். கூலியை ஓரணா ஏற்றிப் பார்த்தும் பிரயோசனமில்லை. இனியும் ஆள் குறைந்தால் உனக்கு மேஸ்திரி வேலை கிடையாது என்று காண்ட்ராக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அணை முடிந்தால் தண்ணீருக்குள் போகப்போகிற ஊர் ஒன்றில் சடையனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தால், பாவி மனுஷன் ஒரு வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து ஓடு பிரித்துக்கொண்டிருக்கிறான்! குடித்த முகமாகவும் தெரியவில்லை.

"ஏண்டா, அங்க கல்லு அப்படியே கெடக்குது. இங்க என்னடா பண்றே?"

"சர்க்கார் எடுத்த ஊடுகளோட ஓடு, மரமெல்லாம் ஒரு மொதலாளி ஏலத்துல எடுத்திருக்கறாருங்க. தண்ணி ஏறறதுக்குள்ள பிரிக்கோணுமாம். அணை வேலையவிட ரெண்டணா கூடத் தாராருங்க."

சடையன் இறங்கி உள்ளே போனான். பின்னாலேயே நுழைந்த அருணகிரி வாசல் நிலையில் நெற்றியை ணங்கென்று இடித்துக்கொண்டார். சடையனோ நீளமான மரச்சட்டம் ஒன்றை இழுத்தபடி, வாசலுக்கு முதுகு காட்டிப் பின்னாலேயே நடந்து வெளியே வந்தான். வாசல் வந்ததும் அவன் தலை தானாகக் குனிந்து நிமிர்ந்தது.

மேஸ்திரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கெஞ்சினார். "நாளைக்காச்சும் வந்துரு சாமி. நீங்க இப்படி ஆளாளுக்கு நின்னுக்கிட்டா எம் பொழப்பு போயிரும். நானும் புள்ளகுட்டிக்காரன்."

"இத முடிச்சுட்டு வாரேனுங்க." அவன் முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை.

வேலை கேட்டு வருகிறவனின் ஊர் எது என்று எந்த மேஸ்திரியும் கேட்பதில்லை. கையும் காலும் இருந்தால் போதும். அருணகிரிக்கு இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டணா சேத்திக் குடுத்தா நீ பொறந்த ஊட்டைக்கூட இடிச்சுப்போடுவியாட்ட இருக்குது!"

சடையன் கடப்பாரையை எடுத்து வாசல் நிலைக்கு அடியில் கொடுத்து நெம்பினான்.

"அதத்தானுங்க இடிச்சுட்டு இருக்கறேன்."